இடது கால்

உக்காருங்க மதினி, அந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மதினின்னு கூப்பிடலாம்ல? சம்பந்தம் கூடுதோ கூடலையோ, வந்தவுகளை முறை வச்சுக் கூப்பிடாட்டி எனக்குப் பேச்சே வராது. பொண்ணோட அம்மா தனியா வந்திருக்கீங்க. தரகரையும் கூட்டியாரல, போன் போட்டும் சொல்லல. தப்பாச் சொல்லல மதினி, பொண்ணைப் பெத்தவ நானா இருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பேன்.

தெருமுக்குல மாவுமில்லுல விசாரிச்சீங்கல்ல? மறைக்காதீங்க, சேலை ஓரத்துல மாவு ஒட்டியிருக்கு. அந்த மில்லுக்காரி என்ன சொல்லியிருப்பான்னும் எனக்குத் தெரியும். "மருமகளைத் தேய்ச்சுத் தேய்ச்சே கொன்ன மகராசி"ன்னு சொல்லியிருப்பா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எம்பிள்ளைக்கு வந்த இடமெல்லாம் அந்த மாவுமில்லோட திரும்பிப் போயிருச்சு. நீங்கதான் அதைத் தாண்டி வந்திருக்கீங்க. அதுக்காகவே உங்ககிட்ட ஒண்ணு விடாமச் சொல்றேன். கேட்டுட்டு பொண்ணைக் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.

அந்தா, மாலை போட்ட போட்டோ, அதுதான் சுபாஷினி. லட்சணத்துக்குக் குறை சொல்ல முடியாது. பொண்ணு பாக்கப் போனப்ப முகத்தைப் பாத்தோம், முடியைப் பாத்தோம், தண்ணி கொண்டாரச் சொல்லி நடையைப் பாத்தோம். பல்லு வரிசை தெரியட்டும்னு ரெண்டு வார்த்தை பேச விட்டோம். மாடு வாங்குனாக்கூட சுழி பாத்துத்தான் வாங்குறோம். சேலைக்குள்ள இருக்கிற சுழியை யாரு பாக்கிறது? அங்கதான் எம்பிள்ளை கதிரேசன் ஏமாந்தான்.

தையில கல்யாணம். மாசியில ராமேஸ்வரம் போனோம், நானும் அவுக ரெண்டு பேரும். தீர்த்தம் பூராம் ஆடி முடிச்சா ஈரத்துணியோட சன்னதிக்கு விடமாட்டாகல்ல, உடுப்பு மாத்துற ரூம்புக்குப் போனோம். எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். நான் சேலையைத் திரையாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ மாத்துறா. ஈரப்பாவாடை காலோட ஒட்டிக் கெடக்கு, அதை உரிக்கும்போது பாத்தேன். பின்தொடை பூராம் பள்ளம் பள்ளமா இருக்கு மதினி. ஆப்பம் வேகும்போது நடுவுல பொடிப்பொடியா குழி விழும்ல, அப்படி. எனக்குக் கையில பிடிச்ச சேலை நழுவிருச்சு.

அவ பதறிப்போயிக் குத்தவச்சு உக்காந்துட்டா. "அத்தை, சேலையைப் பிடிங்க, எல்லாரும் பாக்கிறாக"ன்னு கெஞ்சுறா. நான் கேட்டேன், "என்னத்தா இது, எப்ப வந்துச்சு?" "வயசுக்கு வந்ததுல இருந்து இருக்கு அத்தை. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்"னா. கேட்டீங்களா? அம்மாவுக்கும் இருக்காம். அப்ப தெரிஞ்சேதான் கட்டிக் குடுத்திருக்காக. அன்னைக்குச் சன்னதியில நின்னு நான் வேற எதையும் வேண்டல. எம்பிள்ளை கண்ணுல இது பட்டுறக் கூடாதுன்னு மட்டும் வேண்டிக்கிட்டேன்.

ஆனா பெத்தவ மறைக்கலாமா? ஊருக்கு வந்த மறுநாளே அவன்கிட்ட சொல்லிட்டேன். திருதிருன்னு முழிக்கிறான். "நான் ஒண்ணும் பாக்கலையேம்மா"ங்கிறான். "வெளிச்சத்துல பாருடா"ன்னேன். பாத்தான். அதுல இருந்து மாடியில தனியாப் படுக்க ஆரம்பிச்சுட்டான். பாத்தீங்களா மதினி, அவனுக்கே அருவருத்துப் போச்சு. நானா போகச் சொன்னேன்?

மாவுமில்லுக்காரி சொல்ற மாதிரி நான் கொடுமைக்காரியா இருந்தா, அப்பவே பொட்டியைக் கட்டி அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அனுப்பினேனா? மதுரைக்குக் கூட்டிட்டுப் போயித் தோல் டாக்டர்கிட்ட காட்டினேன். டாக்டரம்மா சின்ன வயசு. நான் முதல்லயே பட்டுன்னு கேட்டுட்டேன், "கல்யாணத்துக்கு முந்தி வயித்துல ஏதாச்சும் வந்து போயிருக்குமா, அதுல விழுந்த பள்ளமா?"ன்னு. அந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டேதான் கேட்டேன். முதுகுக்குப் பின்னால பேசுற பழக்கம் என்கிட்ட கெடையாது. சுபாஷினி தலையைக் குனிஞ்சவதான், வீடு வந்து சேர்ற வரைக்கும் நிமிரல. டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பாத்தா.

அப்புறம் பாடம் நடத்த ஆரம்பிச்சா. தோலுக்கு அடியில கொழுப்பு இருக்குமாம். தோலையும் உள்ள இருக்கிற சதையையும் நார் நாராக் கயிறு பிடிச்சு வச்சிருக்குமாம். இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவன் நடுவுல நூலைப் போட்டு இழுத்துக் கட்டுவான்ல, கட்டுன இடம் பள்ளமாவும் மத்த இடம் மேடாவும் நிக்கும்ல, அப்படியாம். ஆம்பளைக்கு அந்த நார் குறுக்கும் மறுக்குமாப் பின்னியிருக்கும், பொம்பளைக்கு நேரா நிக்கும், அதான் நமக்கு மட்டும் கொழுப்பு மேல பிதுங்குதுன்னா. பொம்பளை உடம்புல ஊறுற சுரப்பும் காரணம், அம்மா வழியா வர்றதும் உண்டு, ஒல்லியா இருந்தாலும் வரும், வயசானா கூடும்னா. "பத்துப் பொம்பளைங்கள்ல எட்டு ஒம்பது பேருக்கு இருக்கும்மா, இது நோயே இல்லை, தொத்தாது"ன்னா.

"சரி, எப்படிப் போக்குறது?"ன்னேன். முழுசாப் போகாதாம். நல்லா நடக்கணும், மாடிப்படி ஏறணும், உக்காந்து எந்திரிச்சு தொடைச் சதையை இறுக்கணும், எடையை ஏத்தாம வச்சுக்கிடணும், அப்ப கொஞ்சம் எடுப்பாத் தெரியாதாம். கிரீம், எண்ணெய், மசாஜுன்னு விக்கிறதையெல்லாம் நம்பாதீங்க, தேய்ச்சா ரெண்டு மணி நேரம் இருக்கும், அப்புறம் பழையபடி ஆயிரும்னா. ஒரு மருந்து எழுதல மதினி. ஊசி கெடையாது, மாத்திரை கெடையாது. அதுக்கா பஸ் ஏறி மதுரை போனோம்? மருந்து எழுதாத டாக்டரு என்ன டாக்டரு?

நடக்கணும்னாளே, நடந்துக்கிட்டுத்தான் இருந்தா இவ. பக்கத்துல இங்கிலீஷ் ஸ்கூல்ல டீச்சர் வேலை, போறதும் நடை வர்றதும் நடை. நடந்து என்ன ஆச்சு? பள்ளம் மூடுச்சா? நான் யோசிச்சேன். வேலைக்கும் போயிக்கிட்டு வைத்தியமும் பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் ஒட்டாது. வேலையை விடச் சொன்னேன். அழுதா. "கொஞ்ச நாளைக்குத்தான் ஆத்தா, சரியானதும் போ"ன்னேன். அடிச்சுச் சொல்லல, அன்பாத்தான் சொன்னேன்.

செல்போன்ல பாத்தா ஆயிரம் வைத்தியம் வருது. காபித்தூளையும் சீனியையும் விளக்கெண்ணெயில குழைச்சுத் தேய்க்கணும். அது ஊறுறதுக்கு மேல பாலிதீன் தாளைச் சுத்தி, துணியால இறுக்கிக் கட்டணும். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அசையாமப் படுத்துக் கெடக்கணும். சாயங்காலம் உப்பு ஒத்தடம், அப்புறம் சப்பாத்திக் கட்டையை வச்சு முழங்கால்ல இருந்து மேல மேல உருட்டணும். கொழுப்பு கரையுமாம். எல்லாத்தையும் நானே செஞ்சேன் மதினி, இந்த ரெண்டு கையால. பியூட்டி பார்லர்க்காரியைக் கூப்பிடல. நம்ம வீட்டுப் பிள்ளை தொடையை எவளோ ஏன் பாக்கணும்? எந்த மாமியா மருமக காலைப் பிடிச்சு விடுவா சொல்லுங்க, நான் பிடிச்சேன். அவ துண்டைச் சுருட்டி வாயில கடிச்சுக்கிட்டுக் கெடப்பா. கன்னிப்போயி நீலம் நீலமா நிக்கும். நீலம் வந்தா உள்ள கட்டுன கொழுப்பு உடையுதுன்னு அந்த வீடியோவுல ஒருத்தி சொன்னா, அதனால நான் விடல.

சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி ஆடியும் போச்சு. ஒரு பள்ளம் தூரல. மாடியில படுத்தவன் கீழ வரல. எனக்குச் சலிச்சுப் போச்சுன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? "விட்டுருங்க அத்தை, இப்படியே இருந்துட்டுப் போறேன்"னு ஒரு நாள் சொன்னா. "நீ இருப்பத்தா, அவன் இருக்கணும்ல?"ன்னேன்.

ஆவணியில எங்க குலசாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அது ஆனதும் ஒரு மண்டலம் பூசை நடக்கும். அது முடியுற வரைக்கும் தினம் காலையில பொங்கல் எங்க வீட்டுல இருந்துதான் போகணும்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். நான் தாலி இல்லாதவ. மருமகதான் ஆக்கணும். நடுவுல வீட்டுக்குத் தூரமாயிட்டா என்ன செய்யுறது? மெடிக்கல்ல சொல்லி, தள்ளிப்போடுற மாத்திரையை வாங்கியாந்து குடுத்தேன். இது என்ன உலகத்துல இல்லாத மாத்திரையா? கல்யாணம், காதுகுத்து, பால்குடம்னா எல்லா வீட்டுலயும் போடுறதுதானே? நீங்க போட்டதில்லையா மதினி? உங்க பொண்ணுக்கு வாங்கிக் குடுத்ததில்லையா? அதுக்கும் என்னையத்தான் குத்தம் சொன்னாக பின்னால. ரெண்டு நாளைக்குப் போடுறதை இவ வாரக்கணக்காப் போட்டாளாம். சாமி காரியம் ரெண்டு நாள்ல முடியுமா?

காலையில பொங்கல் ஆக்கி அனுப்புவா, அப்புறம் கட்டுப் போட்டுப் படுப்பா. அப்படியே ஓடுச்சு. ஒரு நாள் கட்டை அவுக்கிறேன், மதினி, என் கண்ணை என்னாலயே நம்ப முடியல. இடது கால்ல ஒரு பள்ளம் இல்லை. ஒண்ணு கூட இல்லை. தொடை பூராம் நிறைஞ்சு, தோலு இழுத்துக் கட்டுன மாதிரி வழவழன்னு நிக்குது. லேசாச் செவந்து பளபளங்குது. வாழைத்தண்டு கெட்டுச்சு போங்க. வலது காலைப் பாத்தா அதே மேடு, அதே பள்ளம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே பொம்பளையோட கால்னு சொல்ல மாட்டீங்க.

நான் அழுதுட்டேன். ஓடிப்போயி முக்குப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சேன். அவ என்னடான்னா, "அத்தை, இந்தக் கால் சூடா இருக்கு, கனக்குது, ஊனி நடந்தா கெண்டைக்கால் வலிக்குது"ங்கிறா. "வைத்தியம் பிடிச்சா வலிக்கத்தான் செய்யும் ஆத்தா, உள்ள கரையுதுல்ல"ன்னேன். கதிரேசனுக்குப் போன் போட்டு, கடையைச் சாத்திட்டு வரச் சொன்னேன். மோட்டார் காயில் கட்டுற கடை அவனுக்கு, கையெல்லாம் கிரீசோட வந்து நிலைப்படியில நின்னான். "பாருடா, அம்மா கை வேலையைப் பாரு"ன்னு போர்வையை விலக்கிக் காட்டினேன். அவன் பாத்தான். "நல்லாத்தான் இருக்கு"ன்னான்.

அப்பச் சிரிச்சா மதினி அந்தப் பிள்ளை. மாசியில இருந்து அவ சிரிச்சு நான் பாக்கல. அன்னைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவன் பாயைச் சுருட்டிக்கிட்டு மாடியில இருந்து இறங்கி வந்துட்டான். மறுநாள் அவுக அம்மாவுக்குப் போன்ல பேசுறா, நான் அடுப்படியில நின்னு கேக்கிறேன், "ஒரு கால் சரியாப் போச்சும்மா, இன்னொண்ணும் சரியாயிரும்"ங்கிறா. அதுக்கு அப்புறம் அவ வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. சுவத்தைப் பிடிச்சு நடப்பா, ஆனா சொல்ல மாட்டா. கால் விரல்ல மெட்டி இறுகிப்போச்சு, சோப்புப் போட்டுக் கழட்டினோம். அவளே வந்து படுத்துக்கிட்டு, "வலது காலுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க அத்தை"ம்பா. இடது காலையும் நான் விடல. வந்த பலன் போயிறக் கூடாதுன்னு கட்டையை வச்சு நல்லா அழுத்தி உருட்டுவேன்.

புரட்டாசி பிறந்துருச்சு. ஒரு காலை, பொங்கல் பானையை இறக்கி வச்சுட்டு வந்து படுத்தா. இடது கால்லதான் கட்டையை வச்சேன். ரெண்டு இழுப்பு இழுத்திருப்பேன். "அத்தை, மூச்சு முட்டுது"ன்னு எந்திரிச்சு உக்காந்தா. வெறும் வயிறு, பித்தம்னு நினைச்சேன். இருமுறா, நெஞ்சைப் பிடிக்கிறா, வேர்த்து ஊத்துது. தண்ணி கொண்டாறதுக்குள்ள கட்டில்ல இருந்து சரிஞ்சு விழுந்துட்டா. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள, என் மடியிலயே அடங்கிருச்சு. அடுப்படியில பொங்கல் ஆறிக் கெடக்கு. அன்னைக்குச் சாமிக்குப் போகல.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரு, காலைத் தொட்டுப் பாத்துட்டு என்னைக் கேக்கிறாரு, "ஏம்மா, கால் இம்புட்டு வீங்கியிருக்கே, வீட்டுல யாரும் பாக்கலையா?" "வீக்கமில்லைங்கய்யா, அது சரியானது"ன்னேன். அந்தாளுக்குப் புரியல. கால் நரம்புல ரத்தம் கட்டிருச்சாம். அந்தக் கட்டி பிச்சுக்கிட்டுப் போயி நுரையீரலை அடைச்சிருச்சாம். மாத்திரையால கட்டும், அசையாமக் கெடந்தாக் கட்டும், அதைப் போயி யாராச்சும் உருட்டித் தேய்ப்பாங்களாங்கிறாரு. வீங்கித் தோல் விரிஞ்சதுல பள்ளம் மறைஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்லையாம். நான் கேக்கிறேன் மதினி, கும்பாபிஷேகத்துக்கு முந்தி இருந்தே தேய்ச்சேன், அந்தத் தேய்ப்பெல்லாம் எங்க போச்சு? வீக்கம் ரெண்டு கால்லயுந்தானே வரணும்? ஒண்ணுல மட்டும் வந்தா அது எப்படி வீக்கமாகும்? படிச்சவுக சொன்னா நாம வாயை மூடிக்கிடணும், அம்புட்டுத்தான்.

அவுக அம்மா வந்தாக. சேலையை ஒதுக்கி அந்தக் காலைப் பாத்தாக. "ஐயோ, எம்பிள்ளை காலைப் பாருங்க, காலைப் பாருங்க"ன்னு தரையில அடிச்சு அழுதாக. நானும் அதைத்தான் சொன்னேன், "பாருங்க மதினி, பிள்ளை போறப்ப குறையோட போகல"ன்னு. அதுக்கு என்னை அடிக்க வந்துட்டாக. பெத்த வயிறு, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நான் மனசுல வச்சுக்கிடல. போலீஸ்ல எழுதிக் குடுத்தாக. கல்யாணமாகி வருசம் திரும்பலைன்னு ஆர்.டி.ஓ. வந்து விசாரிச்சாரு. என்ன தேய்ச்சேன், எப்படித் தேய்ச்சேன், எல்லாம் சொன்னேன், ஒண்ணும் மறைக்கல. வரதட்சணை கேட்டதில்லை, அடிச்சதில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாக. மாவுமில்லுக்காரிகிட்ட இதை யாரு சொல்றது?

கதிரேசனா? கடையிலதான் இருக்கான். பேச்சைக் குறைச்சுக்கிட்டான். சாப்பாடெல்லாம் கிளப்புக் கடையில. வந்தா நேரா மாடிக்குப் போயிருவான். நான் எதிர்ல வந்தா ஒதுங்கிப் போறான். ஆம்பளை, தனியா இருந்தா அப்படித்தான் ஆயிருவாக. ஒருத்தி வந்தா சரியாயிரும். உங்க பொண்ணு போட்டோவைப் பாத்தேன், நல்ல கைகால். நான் ஒண்ணும் கேக்கல, நகை நட்டு வேணாம். அவ தொடை எப்படி இருந்தாலும் நான் பாக்கப் போறதில்லை. சத்தியமாப் பாக்க மாட்டேன். பட்டுட்டேன்ல.

ஏன் சொல்றேன்னா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. போன மாசம் சுபாஷினி ரூம்பைத் திறந்து ஒட்டடை அடிச்சேன். அவ சீருக்குக் கொண்டாந்த பீரோவுல ஆளுயரக் கண்ணாடி. குளிச்சுட்டு வந்து பாவாடை மாத்துறேன். எனக்குக் கண்ணாடி பாக்கிற வழக்கமெல்லாம் கெடையாது மதினி. எங்க வீட்டுல முகம் தெரியுற கண்ணாடிதான் உண்டு. குளிக்கிறப்பக்கூட நெஞ்சுக்குப் பாவாடையை ஏத்திக் கட்டிக்கிட்டுக் குளிச்சே பழக்கம். எங்க வீட்டுக்காரவுக இருந்த காலத்துலயும் வெளிச்சம் போட்டது கெடையாது. என் தொடையை நான் என்னைக்குப் பாத்தேன்? அன்னைக்குத் திரும்பும்போது கண்ணாடியில தெரியுது. ரெண்டு கால்லயும் மதினி. பின்னால பூராம். அதே மேடு, அதே பள்ளம், அவளுக்கு இருந்ததை விட அதிகமா.

தொத்தாதுன்னு சொன்னாளே மதுரைக்காரி. பொய். ஒரு பாவமும் செய்யாம, அவளுக்குத் தேய்ச்ச கை வழியா எனக்கு ஒட்டிக்கிச்சு. போனவ சும்மா போகாம எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டா. யார்கிட்டயும் சொல்லல, எம்பிள்ளைகிட்டக்கூடச் சொல்லல. விளக்கெண்ணெய் வாங்கி வச்சிருக்கேன், ஆனா பின்தொடையில நம்ம கை நமக்கு எட்டாது. எட்டுனாலும் வலு பத்தாது. கட்டையை வச்சு மேல மேல நல்லா அழுத்தி உருட்டணும், அழுதாலும் விடக்கூடாது, அப்பத்தான் பிடிக்கும். ஒரு ஆள் வேணும் மதினி, வீட்டு ஆளா இருக்கணும்.

உங்க பொண்ணுக்குக் கை வலு உண்டா?